பேராசிரியருக்குப் பாடம் சொன்ன பாட்டாளிகள்

எழுதக் கற்றுத்தரப் பல்கலைக் கழகம் வேண்டுமா என்று கேலி பேசுவோர் உண்டு. கற்றுத்தரட்டும் என்போம் நாம். எவர் மொழியில், எவர் கதையை? அதுதான் கேள்வி.

கென்யாவைப் பாருங்கள், தோழர்களே! ஆங்கிலத் துறையை ஒழித்து, ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வையுங்கள் என்று நைரோபிப் பல்கலைக் கழகத்தில் 1968-ல் எழுதிக் கொடுத்த மூவரில் ஒருவர் கூகி வா தியாங்கோ. பின்னர் அங்கேயே இலக்கியத் துறைத் தலைவரானார். அவர் தம் ஊரான கமிரிதுவில், தோட்டக் கூலிகளோடும் செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளரோடும் அமர்ந்து, கிகுயு மொழியில் நாடகம் உருவாக்கினார். கிழவர் பேச்சு கிழவர் பேச்சாக இல்லையென்றால் ஊரார் திருத்தினர். ஆலையிலே உழைப்பு எப்படிச் சுரண்டப்படுகிறது என்பதைத் தொழிலாளியே சொல்லிக் கொடுத்தான். பேராசிரியர் மாணவரானார்! 2,000 பேர் அமரும் திறந்தவெளி அரங்கையும் ஊராரே கட்டினர்.

1977 ஜூலையில் கூகியின் ஆங்கில நாவல் வந்தது. ஆளுங் கூட்டத்தைச் சாடிய நாவல்தான்; நிதியமைச்சரே வந்து வெளியிட்டார்! ஆங்கிலந்தானே, கூலிக்காரனுக்கு எட்டவா போகிறது? அக்டோபரில் கிகுயு நாடகம் மேடையேறிற்று. ஆறே வாரத்தில் தடை! டிசம்பர் 31-ல் கைது. விசாரணையின்றி ஓராண்டுச் சிறை. அங்கேயும் கழிப்பறைத் தாளில் கிகுயுவிலேயே நாவல் எழுதினார் மனிதர். வெளியே வந்தவருக்குப் பழைய வேலை கிடைக்கவில்லை. 1982-ல் போலீசார் வந்து அரங்கை இடித்துத் தரைமட்டமாக்கினர்.