உங்களுக்குத் தெரியுமா? உப்பளத்திலிருந்து சூரியனின் நடுப்பகுதி வரை

பாலாவிப் பக்கம் போகும்போது கிடுகு வேய்ந்த உப்பு அம்பாரங்களைப் பார்க்காமல் போக முடியாது. கறிக்கும் கருவாட்டுக்கும் போகிற உப்பு நோபல் பரிசு வரைக்கும் போயிருக்கிறது என்றால் நம்புவீர்களா? புத்தளத்தில் பிறந்த பிள்ளை எவருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்த வாரம் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

✦ சூரியனின் நடுவில் ஐதரசன் ஈலியமாகும்போது நியூத்திரினோ என்ற துணிக்கைகள் பிறக்கின்றன. உங்கள் பெருவிரல் நகத்தினூடாக விநாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூத்திரினோக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இரவிலும் இது நிற்பதில்லை. அப்போது அவை பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலே வருகின்றன.

✦ அவற்றைப் பிடிக்க முதலில் உதவியது குளோரீன், உப்பின் ஒரு பாதி. அமெரிக்கரான ரேமண்ட் டேவிஸ் 1960களில் தென் டகோட்டாவின் ஹோம்ஸ்ரேக் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில், பெரிய தாங்கியொன்றை வைத்தார். அதில் 615 தொன் உலர்சலவைத் திரவம் இருந்தது. குளோரீன் நிறைந்த திரவம் அது. நியூத்திரினோ பட்ட குளோரீன் அணு ஆகன் அணுவாக மாறும். வாரக்கணக்கில் காத்திருந்து, அத்தனை பெரிய தாங்கியிலிருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய ஆகன் அணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். கணக்குப்படி வரவேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. கணக்குப் பிழையா, கருவி பிழையா என்று முப்பது ஆண்டுகள் விவாதம் நடந்தது. பின்னாளில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிஸுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

✦ அந்த வழக்கைத் தீர்த்ததில் உப்புக்கும் பங்குண்டு. கனடாவின் சட்பரி ஊரில், நிக்கல் சுரங்கமொன்றில், இரண்டு கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில், 12 மீற்றர் அகலமான அக்கிரிலிக் கோளம் ஒன்றைக் கட்டி 1,000 தொன் பாரநீரால் நிரப்பினார்கள். பாரநீரைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை 1984இல் முன்வைத்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹேர்ப் சென். வேலை முடிவதைப் பார்க்காமலே அவர் 1987இல் காலமாகிவிட்டார். குழுவை வழிநடத்தி முடித்தவர் குவீன்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் மக்டொனால்ட்.

2001இல் அந்தப் பாரநீரில் இரண்டு தொன் உப்பைக் கரைத்தார்கள். நாம் சமையலுக்குப் போடும் அதே சோடியம் குளோரைட்டுதான். மிகமிகத் தூய்மையாக்கியது, அவ்வளவுதான் வேறுபாடு. எதற்காக உப்பு? நியூத்திரினோ பாரநீரை உடைக்கும்போது ஒரு நியூத்திரன் விடுபடும். பாரநீர் தனியே இருந்தால் அந்த நியூத்திரன் பெரும்பாலும் அகப்படாது. உப்பிலுள்ள குளோரீனோ அதைச் சட்டென்று பற்றிக்கொண்டு பளிச்சென்ற ஒளியாகக் காட்டிக்கொடுக்கும். பிடிபடும் அளவு ஏறத்தாழ மூன்று மடங்கானது.

டேவிஸ் எண்ணியது சரிதான் என்று அதன்பிறகு சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்தது. சூரியனிலிருந்து புறப்படும் நியூத்திரினோக்களில் பல வழியிலேயே வேறு வகையாக மாறிவிடுகின்றன. அப்படி மாறுவதென்றால் அவற்றுக்குத் திணிவு இருக்க வேண்டும். இந்த மாற்றத்தைக் காட்டியதற்காக மக்டொனால்டும் தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் தக்காக்கி கஜித்தாவும் 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இன்னொரு செய்தி. வேலை முடிந்ததும் 2003இல் அந்த உப்பைத் திரும்ப எடுத்தது நேர்மாறு சவ்வூடுபரவல் முறையில். அதாவது, நம் ஊர்களில் கலனைத் தூக்கிக்கொண்டு போய் வாங்குகிறோமே, அந்த ஆர்.ஓ. தண்ணீர் முறை!

✦ உள்ளங்கையை வானத்தைப் பார்த்து விரியுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் சராசரியாக மியூவன் என்ற துணிக்கை ஒன்று கையைத் துளைத்துப் போயிருக்கும். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் மோதும்போது பிறப்பவை இவை. மியூவனின் சராசரி ஆயுள் விநாடியில் பத்து இலட்சத்தில் 2.2 பங்குதான். அதற்குள் ஒளிவேகத்தில் ஓடினாலும் ஒரு கிலோமீற்றர்கூடத் தாண்ட முடியாது. ஆனாலும் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் உயரத்திலிருந்து கடற்கரை வரைக்கும் வந்துவிடுகிறது. வேகமாக ஓடும் துணிக்கைக்கு நேரம் மெதுவாகக் கழியும் என்ற ஐன்ஸ்டைனின் கூற்றுக்கு உங்கள் உள்ளங்கையே சாட்சி.

✦ ஆனால் நம் கரையில் அண்டக்கதிர்கள் குறைவு. காரணம் பூமியின் காந்தம். திசைகாட்டி ஊசியைத் தடையில்லாமல் தொங்கவிட்டால் வடதுருவப் பக்கம் அது தலைகுப்புறச் சாயும். காந்த நடுக்கோட்டில் சாயாமல் கிடையாக நிற்கும். தென்னிந்தியாவின் முனையையும் நம் தீவையும் ஒட்டித்தான் அந்தக் கோடு போகிறது. கற்பிட்டியில் ஊசி ஏறத்தாழ மட்டமாகவே நிற்கும். இங்கே பூமியின் காந்தப்புலம் கதிர்களுக்குக் குறுக்கே விழுவதால், நேர்மேலிருந்து வரும் புரோத்தன் ஒன்று உள்ளே நுழைய 17 கிகா இலத்திரன்வோல்ற்று அளவு சக்தி வேண்டும். உலகிலேயே மிக உயர்ந்த வேலிகளில் இது ஒன்று.

நடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கதிர் குறைவதை முதலில் கண்டவர் ஒல்லாந்தரான யாக்கொப் கிளே. 1927இல் ஜாவாவிலிருந்து இந்து சமுத்திரம் வழியாக ஊர் திரும்பும்போது கப்பலிலேயே கருவியை வைத்து அளந்துகொண்டு போனார். அண்டக்கதிர்கள் மின்னேற்றமுள்ளவை என்பதற்கு அது பெரிய தடயம். பின்னர் அவர் அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

✦ இதே உயர்ந்த வேலிக்குள், நம் கரையிலிருந்து நேர்கோட்டில் ஐந்நூறு கிலோமீற்றர் அளவு தள்ளி, நீலகிரியின் ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இருக்கிறது. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாக்கா நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கியது. ஆறு மீற்றர் நீளமான சதுர இரும்புக் குழாய்கள் 3,712ஐ அடுக்கி, மேலே இரண்டு மீற்றர் கனத்துக்குக் கொங்கிறீற்றுப் போட்டு மியூவன்களை எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1ஆம் திகதி ஊட்டிக்கு மேலே இடிமுழக்கத்தோடு கருமுகில் ஒன்று கூடியபோது, 18 நிமிடங்களுக்கு மியூவன் எண்ணிக்கை சரிந்தது. அந்தச் சரிவைக் கணக்கிட்டுப் பார்த்ததில் முகிலின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ற்று! இடிமுகிலில் இத்தகைய அழுத்தம் இருக்கலாம் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சி.ரி.ஆர். வில்சன் 1920களிலேயே சொல்லியிருந்தார். அளந்து நிரூபித்தது தமிழ்நாட்டு மலையொன்றில்.

✦ கோலார் தங்கவயல் என்றால் தமிழ்த் தொழிலாளர்களின் வியர்வைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூத்திரினோவைக் கண்டதாக உலகில் முதலில் அச்சேறிய கட்டுரை அந்தச் சுரங்கத்திலிருந்து வந்ததுதான். ஆண்டு 1965. டாட்டா நிறுவனத்தோடு பிரித்தானியாவின் டர்ஹம், ஜப்பானின் ஒசாக்கா நகரப் பல்கலைக்கழகங்களும் அதில் சேர்ந்திருந்தன.

✦ கடல் பெருகி வற்றுவதைக் களப்புக்கரையில் நிற்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தரையும் அப்படித்தான் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் 27 கிலோமீற்றர் சுற்றளவான வளையத்தில் இலத்திரன்களை ஓடவிட்டபோது, சந்திரன் இழுத்த இழுப்பில் அந்த வளையமே ஒரு மில்லிமீற்றர் அளவு நீண்டு சுருங்கியது. துணிக்கைகளின் சக்தி கூடிக் குறைந்ததை வைத்துத்தான் அதைக் கண்டுகொண்டார்கள்.

✦ ஆனந்த குமாரசுவாமியை நாம் கலை வரலாற்று மேதையாக அறிவோம். அவர் முதலில் புவிச்சரிதவியலாளர். இலங்கைக் கனிம ஆய்வுத் திணைக்களத்தின் முதல் இயக்குநர். 1904இல் அவர் இந்த மண்ணில் இனங்கண்டு சொன்ன கனமான கரிய கனிமம், பின்னர் தோரியனைற்று என்ற புதிய பெயரைப் பெற்றது. இலங்கையிலிருந்து போன அந்தக் கனிமத்தை வைத்தே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒட்டோ ஹான் என்ற இளைஞர் 1905இல் கதிர்தோரியத்தைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அணுக்கருப் பிளவைக் கண்ட அதே ஹான்தான்.

✦ யாழ்ப்பாணத்தவரான கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் கேம்பிரிட்ஜில் மாமேதை டிராக்கின் மாணவர். எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று இழுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இலத்திரன் ஒன்று நேர்மின் கருவை நோக்கி நேர்கோட்டில் விழுந்தால் என்ன ஆகும்? விழும் இலத்திரன் கதிர்வீசும். அந்தக் கதிர் இலத்திரனையே பின்னுதைக்கும். பின்னுதைப்பையும் சேர்த்து டிராக் எழுதிய சமன்பாட்டை 1943இல் எலியேசர் தீர்த்துப் பார்த்தார். விடை யாரும் எதிர்பாராதது: இலத்திரன் கருவைத் தொடவே தொடாது, திரும்பி வெளியே ஓடிவிடும்! பழைய கோட்பாட்டுக்குள் ஏதோ கோணல் இருக்கிறது என்று காட்டிய அந்த முடிவு, எலியேசர் தேற்றம் என்றே இன்றும் அழைக்கப்படுகிறது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் 1959இல் மலாயாவுக்கும், பிறகு ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் போனார். 2001இல் காலமானார். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் ஒரு வரியாவது வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

✦ துருவ வெள்ளி கற்பிட்டியில் அடிவானத்துக்கு எட்டுப் பாகை மேலேதான் நிற்கும். கையை நீட்டி முட்டி பிடித்தால் ஏறத்தாழ அந்த அளவுதான் வரும். மே மாத இரவில் தெற்கே திரும்பினால் தென்சிலுவை தெரியும். இரண்டையும் ஒரே இரவில் பார்க்கும் பேறு லண்டன்காரருக்கும் இல்லை, மெல்பேண்காரருக்கும் இல்லை.

✦ சேர்ன் ஆய்வுக்கூடத்துடன் இலங்கை 2017இல் ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. நம் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். துணிக்கைகளின் தடத்தைக் காட்டும் முகிலறையைக் கண்டுபிடித்தவர் மேலே சொன்ன வில்சன்தான். அதன் எளிய வடிவத்தைப் பள்ளிக்கூடத்திலேயே செய்யலாம். கண்ணாடித் தொட்டி, கம்பளித் துணித் துண்டு, ஐசோபுரோப்பைல் மதுசாரம், அடியில் வைக்க உலர்பனி, ஒரு டோர்ச் விளக்கு போதும். உலர்பனியை வெறுங்கையால் தொடவேண்டாம். யன்னல்களைத் திறந்து வையுங்கள். மதுசாரத்தின் பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. விளக்கை அணைத்து டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால், சில நிமிடங்களில் நூலிழை போல வெள்ளைக் கோடுகள் விழத் தொடங்கும். செய்து பாருங்கள். பிள்ளைகள் எத்தனை கோடு எண்ணினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.