ஃபேமிலி டூரா? ஒருத்தர் டிரஸ் மொத்தத்தையும் ஒரே பெட்டியில வைக்காதீங்க!

ஆளுக்கொரு பெட்டின்னு அடுக்குறதுதான் நம்ம வழக்கம். ஆனா, விமானத்துல போறப்போ அதுல ஒரு பெட்டி வந்து சேரலைன்னா, ஒருத்தருக்கு மாத்துத்துணியே இருக்காது. அதனால ஒவ்வொருத்தரோட துணியிலயும் ரெண்டு செட் எடுத்து, இன்னொருத்தர் பெட்டியில வைங்க.

அடுக்குறது எப்படி?
ஷூ மாதிரி கனமானதெல்லாம் சக்கரம் இருக்கிற பக்கம். பெட்டி சாயாது, இழுக்கவும் ஈஸி. ஷூவுக்குள்ள சாக்ஸைத் திணிச்சிடுங்க. டி-ஷர்ட், லெகிங்ஸைச் சுருட்டுங்க. சட்டை, புடவையை மடிச்சு மேலே வைங்க. ஜீன்ஸ், ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டே கிளம்பினா எடை மிச்சம்.

கைப்பையில் என்ன?
தாத்தா, பாட்டியோட பிபி, சுகர் மாத்திரைகள், மருந்துச்சீட்டு, குழந்தைக்கு ஒரு செட் டிரஸ். பவர் பேங்க்கும் இங்கேதான். செக்-இன் பெட்டியில அதுக்கு அனுமதி இல்லை. லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா, கேபின்லன்னா உடனே கவனிச்சு அணைக்கலாம்.

எடை எவ்வளவு?
உள்நாட்டு எகானமி டிக்கெட்டுக்குப் பொதுவா செக்-இன் 15 கிலோ, கைப்பை 7 கிலோ. உங்க டிக்கெட்டுல ஒருமுறை பார்த்துக்கோங்க. வீட்டு எடை மெஷின்ல பெட்டியைத் தூக்கிக்கிட்டு நின்னு, உங்க எடையைக் கழிச்சா கணக்கு வந்திடும். திரும்பி வர்றப்போ வாங்கிட்டு வர்ற பொருளுக்கு 2 கிலோ விட்டு வைங்க!