வீட்டை நாலடி உயரத்தில் அறுத்தால்!

"பிளான் ரெடி சார்" என்று இன்ஜினியர் கூப்பிட்டதும் ஒரு தாளை எதிர்பார்த்துப் போவோம். மேசையில் விரிவதோ ஒரு கட்டு! அரை கிரவுண்டு மனை, வெறும் 1200 சதுர அடி, அதற்கா இத்தனை? ஆமாம். சத்தம் போடாமல் புரட்டுவோம், வாருங்கள்.

எல்லாரும் முதலில் பாய்வது அறைகள் தெரியும் தாளின் மேல்தான். கூரைக்கு மேலே நின்று பார்த்த படம் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் வீட்டைக் குறுக்கே அறுத்து, மேல்பாதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு எட்டிப் பார்த்து வரைந்தது. நம்ப முடியவில்லையா? மாடிப்படியைப் பாருங்கள், பாதியிலேயே வெட்டுப்பட்டு நிற்கும். கத்தி போன இடம் அது! தலைக்கு மேலே போய்விட்ட லாஃப்ட், பாவம், விட்டுவிட்டு ஓடும் வெறும் கோடு.

அடுத்த தாளில் வெட்டு செங்குத்து. இதற்குப் பெயர் செக்‌ஷன். கோடு பெரும்பாலும் படிக்கட்டு வழியாகத்தான் போகும். படியின் உயரம் 6 அங்குலமா 7 அங்குலமா, ஏறுகிறவர் தலை பீமில் இடிக்குமா, எல்லாம் இங்கே அம்பலம்! மாடி பாத்ரூமின் தளம் மட்டும் ஏன் பள்ளமாக இறங்கியிருக்கிறது? பைப்புகள் ஒளிந்து ஓட.

கம்பித் தாளில் ஒரே ரகசியக் குறிகள்: சி1, எஃப்1, பி2. தூண், அதன் அடித்தளம், பீம். '8 எம்எம் @ 150' என்றால் 8 மில்லிமீட்டர் கம்பியை 150 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கட்டு என்று பொருள். நமக்குத் தலை சுற்றும். கம்பி கட்டுகிறவருக்கு அதுவே போதும்.

என் செல்லம் எலெக்ட்ரிக்கல் தாள்தான். சுவிட்ச் போர்டிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் வளைந்து வளைந்து கோடுகள்! கட்டிலும் பீரோவும் எங்கே என்று இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் செல்போன் சார்ஜருக்கான பிளக் பாயிண்ட் பீரோவின் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

அனுமதிக்குப் போகும் தாள் தனி. சுற்றிலும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, மழைநீர் சேகரிப்பு எங்கே என்று காட்டும் சமர்த்துப் பிள்ளை.

இவ்வளவையும் நாம் வாய் பிளந்து பார்க்கும்போது, வீட்டுப் பெரியவர் தேடுவது வடக்கைக் காட்டும் அம்பை மட்டும்தான். அடுப்பு அக்னி மூலையில் வந்துவிட்டதா என்று தெரிந்தால் அவருக்குப் போதும்!