பொத்தேரியிலிருந்து பறவைகளின் வீட்டுக்கு

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் வீட்டில் ஒரு தொல்லையும் கூடவே வந்துவிடுகிறது. "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள், அப்பா!" என்று குழந்தைகள் பிடிக்கும் பிடிவாதந்தான் அது. சினிமாவுக்குப் போனால் கைக்காசு கரைகிறது. கடைத்தெருவுக்குப் போனாலோ கரைவதற்கு எல்லையே இல்லை. ஆனால் செங்கற்பட்டு மின்சார ரயில் பாதையில் உள்ள பொத்தேரிவாசிகள் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்களுடைய ஊரின் பெயரிலேயே விடை ஒளிந்திருக்கிறது. பெயரின் கடைசியில் ஓர் ஏரி இருக்கிறதல்லவா?

இன்றைக்குப் பொத்தேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது கல்லூரிக் கட்டடங்களும், மாணவர் கூட்டமும், ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலுந்தான். ஆனால் அந்த ஊர் இருப்பது ஏரிகளின் நாட்டில். 2019-ஆம் ஆண்டு காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கற்பட்டில் எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஓர் ஏரிக்கரை எதிர்ப்படும். பாலாற்றில் தண்ணீர் ஓடுவது என்றைக்கோ ஒரு நாள். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் பயிர் செய்வதற்காக முன்னோர்கள் ஊருக்கு ஊர் ஏரி கட்டினார்கள். அந்த ஏரிகளைப் பார்த்துவர ஒரு நாள் போதும். செலவும் சொற்பம். கட்டுச்சோறும் ஒரு கூஜா தண்ணீரும் இருந்தால் பிரயாணத்துக்குத் தயார்!

ஜன்னல் ஓரத்துக் காட்சி

காலையில் பொத்தேரியில் ரயிலேறி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், பரனூர் ஆகிய நிலையங்களைத் தாண்டினால், செங்கற்பட்டு வருவதற்கு முன்பே முதல் விருந்து காத்திருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டியே விரிந்து கிடக்கிறது கொளவாய் ஏரி. தண்ணீர் நிறைந்த காலத்தில் அதன் பின்னணியில் குன்றுகள் தெரியும் அழகைக் காண, தினமும் அந்த வழியே போகிறவர்கள்கூடப் பத்திரிகையை மடக்கி வைத்துவிட்டு ஒரு நிமிஷம் வெளியே பார்ப்பது உண்டு. குழந்தைகளுக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

செங்கற்பட்டில் இறங்கித் தெற்கே பஸ் ஏறினால் மதுராந்தகம். சோழ மன்னரின் பட்டப் பெயரைத் தாங்கிய ஊர் இது. இங்குள்ள ஏரி மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்று. ஏரியின் அருகே கோதண்டராமர் கோயில் இருக்கிறது. ஆனால் ஊரார் வாயில் அந்தப் பெருமாளுக்கு வேறு பெயர்: "ஏரி காத்த ராமர்".

அந்தப் பெயர் வந்த கதை சுவையானது. கும்பினி ஆட்சிக் காலத்தில், 1790-களின் பிற்பகுதியில், லியோனல் பிளேஸ் என்ற வெள்ளைக்கார துரை இந்தச் சீமைக்குக் கலெக்டராக இருந்தார். மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைந்து ஊர் அழிவது அவருக்குப் பெருங்கவலையாக இருந்தது. தாயார் சந்நிதி கட்டித் தரும்படி அர்ச்சகர்கள் அவரிடம் கேட்டார்களாம். "உங்கள் தெய்வம் ஏரியைக் காப்பாற்றட்டும், பார்க்கலாம்!" என்றாராம் துரை. அடுத்த பெருமழையில் ஏரி தளும்பியது. இரவில் கரைக்கு ஓடிய துரை, வில்லும் கையுமாக இரண்டு வீரர்கள் கரையைக் காவல் காப்பதைக் கண்டு மண்டியிட்டார் என்பது ஐதீகம். தாயார் சந்நிதி எழுந்தது. அவர் பெயர் பொறித்த கல்வெட்டு இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஒன்று மட்டும் உண்மை. ஏரி உடைந்தால் ஊர் இல்லை என்பதை இந்த மக்கள் எவ்வளவு ஆழமாக உணர்ந்திருந்தால், தெய்வத்தையே கரைக் காவலுக்கு நிறுத்தியிருப்பார்கள்!

துப்பாக்கிச் சத்தமும் ஒரு சாசனமும்

இதே பிளேஸ் துரையின் பெயர் சில மைல்களுக்கு அப்பால் இன்னொரு ஏரியின் கதையிலும் வருகிறது. அதுதான் வேடந்தாங்கல். தொண்டை நாட்டு வழக்கில் தாங்கல் என்றால் சிறு ஏரி. வேடர்களின் தாங்கல், வேடந்தாங்கல். ஒரு காலத்தில் இங்கே வேட்டையாட வந்தவர்களை அந்தப் பெயர் இன்றும் நினைவூட்டுகிறது.

கும்பினிச் சிப்பாய்களும் துரைமார்களும் வேடிக்கைக்காக இங்கே பறவைகளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கிராமத்து மக்கள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று 1798-ஆம் ஆண்டில் பிளேஸ் துரை அவர்களுக்கு "கவுல்" எனப்படும் சாசனம் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அந்த உரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936-ல் அரசாங்கம் இதைச் சரணாலயமாக அங்கீகரித்தது. 2022-ல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் உலகப் புகழ் பெற்ற ராம்சார் ஈரநிலங்களின் வரிசையில் இடம் பெற்றன.

சட்டமும் சர்வதேச மதிப்பும் வருவதற்கு வெகு காலம் முன்பே, எழுத்துப் படிக்கத் தெரியாத குடியானவர்கள் கலெக்டரின் வாசலில் போய் நின்றதே, அதுதான் இந்தக் கதையின் சிகரம்.

வெறும் ஜீவகாருண்யந்தானா காரணம்? அதுவும் உண்டு. கூடவே ஒரு விவசாயியின் கணக்கும் உண்டு. மரங்களில் கூடு கட்டும் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது பயிருக்குத் தழைச்சத்து காசில்லாமல் கிடைக்கிறது. பறவை இருந்தால் நெல் செழிக்கும் என்பதை எந்த விஞ்ஞானியும் வந்து அவர்களுக்குச் சொல்லவில்லை. கண்ணால் கண்டு தெரிந்துகொண்டார்கள். தீபாவளிக்குக்கூட அங்கே வெடிச்சத்தம் கேட்காது என்றால், பறவைகள் அவர்களுக்கு விருந்தாளிகள் அல்ல, வீட்டு மனிதர்கள் என்றுதானே அர்த்தம்?

மரமெல்லாம் கூடுகள்

சரணாலயத்தின் பரப்பு பெரிதல்ல. சுமார் 30 ஹெக்டேர்தான். ஏரிக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் தோப்பாக நிற்கின்றன. நவம்பர் தொடங்கி மார்ச் வரை அந்த மரங்களில் இலையைவிடப் பறவைதான் அதிகமோ என்று தோன்றும். மரத்தடியில் தண்ணீர் நிற்பதால் பூனை, நரி முதலியவை கூட்டை அண்ட முடியாது. அகழி சூழ்ந்த கோட்டையைப் பறவைகளே தேடிப் பிடித்திருக்கின்றன!

கரைமேல் நடந்து, பார்வைக் கோபுரத்தில் ஏறினால் கண்கொள்ளாக் காட்சி. பெரிய பையைத் தாடையில் தொங்கவிட்ட கூழைக்கடா, அதன் பைக்குள் தலையை நுழைத்து மீன் உண்ணும் குஞ்சு, மஞ்சள் மூக்கு நாரை, சாம்பல் நாரை, பாம்பு போலக் கழுத்தை நீட்டும் பாம்புத்தாரா, சிறகை விரித்து வெயிலில் உலர்த்தும் நீர்க்காகம், கரண்டி போன்ற அலகுடைய கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் என்று குழந்தைகளின் விரல் ஓயாமல் சுட்டிக்கொண்டே இருக்கும். நத்தைகுத்தி நாரையின் அலகை அவசியம் கவனிக்க வேண்டும். மூடினாலும் நடுவே இடைவெளி விட்டு நிற்கும் அந்த அலகு, நத்தையைப் பிடித்துச் சதையை எடுப்பதற்கென்றே அமைந்தது. வெகு தூர வடதேசங்களிலிருந்து பறந்து வரும் ஊசிவால் வாத்தும் சிறகிகளும் தண்ணீரில் மிதக்கும்.

விடியற்காலையும் மாலை நான்கு மணிக்கு மேலும் நல்ல நேரம். அந்தி சாயும்போது நாலா திசையிலிருந்தும் கூட்டங்கூட்டமாகப் பறவைகள் திரும்புவதுதான் இங்கே உச்சக் காட்சி. மழை பொய்த்த ஆண்டிலும் கோடையிலும் வந்தால் ஏமாற்றந்தான். தண்ணீர் இல்லையேல் கூடு இல்லை. நேரம் மீதமிருந்தால் சிறிது தொலைவிலுள்ள கரிக்கிலியையும் பார்த்துவிடலாம். அங்கே நீந்தும் வாத்துகளும் கரையோரத்தில் இரை தேடும் பறவைகளும் அதிகம்.

வீடு ஒன்று, சமையலறை பல

அந்தியில் திரும்பும் பறவைகள் பகலெல்லாம் எங்கே போயிருந்தன? இந்தக் கேள்வியைக் குழந்தைகள் கேட்பார்கள். பெரியவர்களும் கேட்க வேண்டும்.

வேடந்தாங்கல் பறவைகளுக்கு வீடு. சமையலறையோ சுற்றுவட்டாரத்து ஏரிகளும் குட்டைகளும் நெல் வயல்களும். இவ்வளவு சிறிய ஏரி அத்தனை வாய்களுக்கும் மீன் கொடுக்க முடியாது. தாய்ப் பறவை பல மைல் பறந்து இரை கொண்டு வந்தால்தான் குஞ்சு பிழைக்கும். இதனால்தான் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டமும் 1998-ல் பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டது. 2020-ல் அந்த வட்டத்தை மூன்று கிலோமீட்டராகச் சுருக்க யோசனை வந்தபோது நாடெங்கும் பலத்த எதிர்ப்புக் கிளம்பியதும் இதனால்தான். வீட்டை மட்டும் பூட்டிப் பத்திரப்படுத்திவிட்டு அடுப்பை இடித்துவிட்டால் குடித்தனம் நடக்குமா?

ஆகவே கழிவுநீர் கலந்து, குப்பை கொட்டி, கரையை அரித்து வீடு கட்டி, ஓர் ஊர் தன் ஏரியை இழந்தால், அது அந்த ஊரோடு நிற்கும் நஷ்டம் அல்ல. எங்கோ ஒரு மரக்கிளையில் ஒரு குஞ்சின் பட்டினியாகவும் அது போய் முடிகிறது. மழைநீர் தங்க இடமில்லாமல் தெருவுக்குள் வருவதும் அதே நஷ்டத்தின் மறுபக்கந்தான்.

இன்னும் இரண்டு ஞாயிறுகள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வடக்கே போகலாம். பொத்தேரியிலிருந்து ஒரு சில நிலையங்களில் வண்டலூர். 1855-ல் சென்னை மியூசியத்தில் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் தொடங்கி வைத்த மிருகக்காட்சி சாலைதான், 1985-ல் இங்கே காட்டுச் சூழலில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகக் குடிபுகுந்தது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

மூன்றாவது ஞாயிறு கடற்கரைக்கு. மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண்கிறவர்கள் வடநெம்மேலியில் 1976-ல் ராமுலஸ் விட்டேகர் முதலியோர் அமைத்த முதலைப் பண்ணையையும் விட்டுவிடக் கூடாது. திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. அங்கே 1978 முதல் இருளர் கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள், 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிழைப்பிழந்து தவித்தார்கள். இன்று அவர்கள் பிடிக்கும் பாம்புகளிடமிருந்து விஷத்தை எடுத்துக்கொண்டு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷம் பாம்புக்கடி மருந்தாகிப் பல உயிர்களைக் காக்கிறது. 2023-ல் இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வேடரின் தாங்கல் பறவைகளின் வீடானது போலவே, வேட்டைத் திறமையும் இங்கே காவல் திறமையாகிவிட்டது.

இந்த இடங்களுக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டிய கைங்கரியம் அதிகமில்லை. உரக்கக் கத்தாமல், கல் எறியாமல், ஒலிபெருக்கியை வைக்காமல், சோற்றுப் பொட்டலத்தின் காகிதத்தைக் கையோடு திரும்ப எடுத்து வந்தால் போதும். ஊர் திரும்பிய பிறகு குழந்தைகளை ஒரு மாலை பொத்தேரி ஏரிப் பக்கமும் அழைத்துச் செல்லலாம். அங்கே ஒரு நாரையோ நீர்க்காகமோ தென்பட்டால், அதற்கும் ஏதோ ஓர் ஏரியில் ஒரு கூடும், பசித்த குஞ்சும் காத்திருக்கக்கூடும் என்று சொல்லலாம். மதுராந்தகத்தில் ஏரியைக் காக்க ராமர் வந்தார் என்கிறார்கள். வேடந்தாங்கலில் குடியானவர்களே காத்தார்கள். மற்ற ஏரிகளுக்கு யார் வருவார்கள் என்பதைக் குழந்தைகளே யோசித்துப் பதில் சொல்லட்டும்.