துபாய்ல ஃபிளாட் வாங்கப் போறீங்களா? முதல் செக்போஸ்ட் நம்ம ஊர்லதான்

ஸ்டார் ஹோட்டல்ல நடக்கிற துபாய் ப்ராப்பர்ட்டி எக்ஸ்போவுக்கு உங்களுக்கும் அழைப்பு வந்திருக்கும். "வெளிநாட்டுக்காரங்களும் சொந்தமா வாங்கலாம் சார், மாசத் தவணை போதும்" என்பார்கள். முதல் பாதி உண்மைதான். 2006-ல் வந்த சட்டப்படி, துபாய் மெரினா மாதிரி அரசு அறிவித்த ஃப்ரீஹோல்ட் பகுதிகளில் வெளிநாட்டவர் முழு உரிமையோடு வாங்கலாம். அங்கே குடியிருக்கணும்னுகூட இல்லை. பதிவுக் கட்டணம் 4%.

சிக்கல் நம்ம பக்கம்தான். இந்தியாவில் வசிக்கிறவர், ரிசர்வ் வங்கியோட எல்.ஆர்.எஸ். திட்டப்படி ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். "நம்மகிட்ட ஏது அவ்வளவு?"ன்னு சிரிக்காதீங்க. சம்பளக்காரங்களை அடிக்கிறது அந்த லிமிட் இல்லை, டி.சி.எஸ்.

கணக்கு பாருங்க. ஒரே நிதியாண்டில் 30 லட்சம் அனுப்புறீங்க. முதல் 10 லட்சத்துக்கு டி.சி.எஸ். கிடையாது. மீதி 20 லட்சத்துக்கு 20%, அதாவது 4 லட்சத்தை வங்கி பிடிச்சுக்கும். ஆக கையில் 34 லட்சம் வேணும். இது செலவு இல்லை, வருமான வரியில் கழிச்சுக்கலாம். ஆபீஸ்ல சொன்னா மாசாமாசம் பிடிக்கிற டி.டி.எஸ்.ஸையும் குறைப்பாங்க. ஆனா உங்க மொத்த வருட வரியே 1 லட்சம்தான்னா? மீதி 3 லட்சம், ரிட்டர்ன் தாக்கல் பண்ணி ரீஃபண்ட் வரும்வரை முடங்கிக் கிடக்கும். எக்ஸ்போவில் இதை யாரும் போர்டுல எழுதிக் காட்ட மாட்டாங்க!

பர்சனல் லோன் போட்டு அனுப்பலாமா? இந்த மாதிரி முதலீட்டுக்கு வங்கிகள் கடன் தரக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. புக்கிங் அட்வான்ஸுக்கு கிரெடிட் கார்டை நீட்டாதீங்க. வங்கியில் ஏ2 படிவம் கொடுத்து அனுப்புறதுதான் சரியான வழி. சாவி வாங்கின பிறகும் நீளுற தவணைத் திட்டம்னா, அதைக் கடனா பார்க்க வாய்ப்பு இருக்கு. கையெழுத்துக்கு முன்னாடி ஃபெமா தெரிஞ்ச சி.ஏ.கிட்ட எழுத்துல கருத்து வாங்கிடுங்க.

"மச்சான் துபாய்ல சுலபமா வாங்கிட்டானே"ன்னு தோணும். அவர் அங்கேயே சம்பாதிக்கிற என்.ஆர்.ஐ. எல்.ஆர்.எஸ். அவருக்குக் கிடையாது.

வாங்கின பிறகு வருஷாவருஷம் ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்.ஏ.வில் அந்த ஃபிளாட்டைக் காட்டணும். விட்டா கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம். 20 லட்சத்துக்குக் கீழ் சொத்து இருக்கிறவங்களுக்கு 2024 அக்டோபரில் வந்த சலுகை, வீடு நிலத்துக்குப் பொருந்தாது. துபாயில் வாடகைக்கு வருமான வரி இல்லைன்னாலும், நீங்க இங்கே வசிக்கிறதால அந்த வாடகைக்கு இங்கே வரி உண்டு.