செய்து கற்றல்

பரப்பளவென்பது நீளத்தை அகலத்தாற் பெருக்குவது என்று என் மாணவர்கள் பிழையின்றி ஒப்புவித்தனர். “இவ்வகுப்பறையின் பரப்பு எவ்வளவு?” என்றேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. குறை என்னுடையதே என்று உணர்ந்தேன்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1896ஆம் ஆண்டு சிகாகோவில் ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே சிறுவர்கள் சமைத்தனர், நெய்தனர், மரவேலை செய்தனர். அளவையும் கணக்கும் அவ்வேலைகளினூடே அவர்களுக்குத் தேவையாயின. வெறுஞ்செயல் கல்வியாகாது, செய்ததை எண்ணிப் பார்ப்பதே கல்வி என்பது அவர் கொள்கை.

மறுநாள் அளவு நாடாவை மாணவரிடம் கொடுத்தேன். மந்தன் என்று நான் ஒதுக்கியிருந்த தச்சர் மகனே முதலில் அளந்து விடை கூறினான். “ஏன் பெருக்கினாய்?” என்றேன். தரையில் சதுரங்கள் வரைந்து, “ஒரு வரிசையில் இத்தனை, இத்தனை வரிசைகள், ஐயா” என்றான். மாணவ நண்பர்களே, அவ்வாய்பாடு அன்றுதான் வகுப்பு முழுவதற்கும் விளங்கியது.