ஒவ்வாமையும் தூதுப் புரதங்களும்

மும்பை நகரின் கிழக்கே, மான்குர்த் பகுதிக்கு அண்மையில் தேவ்னார்க் குப்பைமேடு அமைந்துள்ளது. 2016 ஜனவரி இறுதியில் அங்குப் பற்றிய தீ பல நாட்கள் புகைந்தது. அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளிகள் மூடப்பட்டன. இத்தகைய புகை சூழுங்கால் ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் மிகுவது ஏன்? புகை ஒவ்வாப் பொருளன்று. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுண்ணி, கரப்பான் பூச்சி, மகரந்தம் முதலியனவே ஒவ்வாப் பொருள்கள். எனினும், அவற்றின் வினைக்குப் புகை துணைபோகிறது.

சுவாசக் குழல்களின் உட்புறத்தை உயிரணுப் படலம் ஒன்று போர்த்தியுள்ளது. புகையினாலோ வைரஸினாலோ அது ஊறுபடும்போது, டி.எஸ்.எல்.பி., இன்டர்லூகின்-33 முதலிய புரதங்களை வெளியிடுகிறது. ஓர் அணுவினின்று மற்றோர் அணுவுக்குச் செய்தி கொண்டு செல்லும் இத்தூதுப் புரதங்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். இவற்றால் தூண்டப்பெறும் வெள்ளணுக்கள் வேறு தூதுகளை விடுக்கின்றன. அவற்றுள் இன்டர்லூகின்-5, இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்களைப் பெருக்குகிறது, இன்டர்லூகின்-13 சளியை மிகுவிக்கிறது, இன்டர்லூகின்-4, ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருள் உண்டாகுமாறு ஏவுகிறது.

ஐ.ஜி.ஈ.யை 1966-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகளாகிய இஷிசாகா தம்பதியர் அமெரிக்காவில் ஆராய்ந்து கண்டனர். இது மாஸ்ட் அணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே ஒவ்வாப் பொருள் மீண்டும் புகுந்தால், அவ்வணுக்கள் சில நிமிடங்களில் ஹிஸ்டமின் முதலியவற்றைச் சொரிகின்றன. உடனே குழல்கள் சுருங்கி, இழுப்புத் தோன்றுகிறது.

ஆகவே, இழுப்பு என்பது நெடுந்தொடர் ஒன்றின் கடைசிக் கண்ணியே ஆகும். சால்புட்டமால் சுருங்கிய குழலை விரிக்குமேயன்றி, தூதுகளைத் தடுப்பதில்லை. அவற்றை அடக்குவது, மருத்துவர் நாள்தோறும் உள்ளிழுக்கப் பணிக்கும் ஸ்டீராய்டு மருந்து. இழுப்பு நின்றவுடன் பெற்றோர் பலர் இதனை நிறுத்திவிடுகின்றனர். தூதுகளோ ஓசையின்றித் தொடர்கின்றன. கடும் நோயாளருக்கென இன்டர்லூகின்-5-ஐ முடக்கும் மெபோலிசுமாப் 2015-இலும், டி.எஸ்.எல்.பி.யை முடக்கும் டெசெபெலுமாப் 2021-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஆயினும், பெரும்பாலோருக்கு உள்ளிழுக்கும் மருந்தே போதுமானது.

இன்ஹேலர் இழிவானது, பழக்கமாகிவிடும் என்னும் அச்சத்தை நீக்குதல் களப்பணியாளர் கடமை. வகுப்பில் குப்பை எரியும் புகை புகாமல் காப்பதும், இழுப்புள்ள மாணவனின் மருந்து அவன் கைக்கெட்டுமாறு பார்ப்பதும் ஆசிரியர் கடமை. மருந்திட்டும் பேச இயலாமல் திணறுவானாயின், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.